உங்கள் ஊரில் வள்ளிக் கும்மி: கதை கேட்பதிலிருந்து அரங்கேற்றம் வரை

கும்மி பழக வருகிறவர்கள் முதல் நாளில் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: "மொத்தம் எத்தனை அடவு?" அடவு என்றால் காலும் கையும் சேர்ந்த ஓர் ஆட்ட அசைவு. எங்களுக்குக் கற்றுக்கொடுத்த வாத்தியார் அதற்குப் பதில் சொல்ல மாட்டார். "வள்ளி எங்கே பிறந்தாள், சொல்லுங்கள் பார்க்கலாம்" என்று திருப்பிக் கேட்பார். பாதிப் பேர் விழிப்பார்கள். அன்று சலங்கையைத் தொடவே விடாமல் கதையை மட்டும் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அப்போது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு நானே எங்கள் ஊரில் ஒரு குழுவைக் கூட்டியபோது காரணம் கண்ணெதிரே தெரிந்தது. கதை தெரியாதவர் முன்னால் நிற்பவரின் காலைப் பார்த்து ஆடுகிறார். கதை தெரிந்தவர் பாட்டைக் கேட்டு ஆடுகிறார். அறுபது பேர் ஒருவர் காலை ஒருவர் பார்த்து ஆடினால், ஒவ்வொருவரும் இமைப்பொழுது பிந்தி, வட்டம் முழுக்கச் சிதறிப்போகும்.

ஆகவே இந்த வழிகாட்டியும் கதையிலிருந்தே தொடங்குகிறது. கொங்கு நாட்டில் நாங்கள் பழகிய முறையை ஒட்டியே எழுதுகிறேன். உங்கள் வாத்தியார் வேறுவிதமாகச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள். இந்த ஆட்டத்தில் ஊருக்கு ஒரு பாடம் உண்டு.

எதை ஆடப் போகிறோம்

முருகன் வள்ளியை மணந்த கதையைப் பாட்டாகப் பாடிக்கொண்டே வட்டமிட்டு ஆடுவது வள்ளிக் கும்மி. கை கொட்டி ஆடும் கும்மியும், கையில் துணி வீசி ஆடும் ஒயிலும் இதில் கலந்திருப்பதால் வள்ளி ஒயில் கும்மி என்றும் சொல்வார்கள். ஈரோடு, கோவை, திருப்பூர், நாமக்கல் பக்கங்களில் இன்றைக்கு நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இறங்கி ஆடும் அரங்கேற்றங்கள் நடக்கின்றன. முன்பு ஆண்களே ஆடினார்கள். கோவை மாவட்டத்தைச் சேர்ந்த மூத்த கலைஞர் எம். பத்திரப்பன் அந்த வழக்கத்தை மீறிப் பெண்களுக்கும் இதைக் கற்றுக்கொடுத்தார். வள்ளி ஒயில் கும்மிக்காகவே 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இப்போது பெரும்பாலான வட்டங்களில் பெண்கள்தான் அதிகம்.

கதை மிகப் பழையது. முருகனோடு சேர்ந்து நடந்த வள்ளி நற்றிணையிலேயே வருகிறாள். கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணம் வள்ளியம்மை திருமணப் படலத்தோடுதான் முடிகிறது. வாத்தியார்கள் கையில் இருக்கும் பாட்டு நோட்டுகள் இந்தப் பெரிய மரத்தின் கிளைகள்.

முதல் வாரம்: கதையைக் காட்சிகளாகப் பிரியுங்கள்

எல்லோரையும் தரையில் வட்டமாக உட்கார வைத்துக் கதையைச் சொல்லுங்கள். பிறகு அவர்களையே சொல்ல விடுங்கள். நாங்கள் இப்படிப் பிரித்துக்கொண்டோம்: பிள்ளையார் காப்பு, வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் குழந்தை வள்ளியை வேடர் தலைவன் நம்பிராசன் கண்டெடுப்பது, தினைப்புனக் காவல், நாரதர் முருகனிடம் போய்ச் சொல்வது, முருகன் வேடனாக வருவது, நம்பிராசன் வர, வேடன் வேங்கை மரமாக நிற்பது, கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்பது, யானை, வேடர்களோடு மோதல், கல்யாணம், மங்களம். பதினோரு காட்சிகள், ஒவ்வொன்றும் எட்டு முதல் பத்து நிமிடம். மொத்தத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகும். முதல் ஆண்டுக் குழுவுக்கு இது அதிகம் என்றால் நாரதரையும் வேங்கை மரத்தையும் ஓரிரு அடிகளில் பாடிக் கடந்துவிடலாம். தினைப்புனத்தையும் கிழவனையும் மட்டும் குறைக்காதீர்கள். ஊர் சிரிப்பதும் உருகுவதும் அங்கேதான்.

மோதல் காட்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பல குழுக்கள் அதை இரண்டு அடியில் முடித்துவிட்டுக் கல்யாணத்துக்கு ஓடிவிடுகின்றன. கந்தபுராணக் கதையில், துரத்தி வந்த வேடர்கள் சேவலின் கூவலில் உயிரற்று விழுகிறார்கள். முருகன் சொல்ல, அவர்களை எழுப்புவது வள்ளி. தன்னைத் துரத்தி வந்த தன் தகப்பனையே அவள் எழுப்புகிறாள். எங்கள் வட்டத்தில் இந்த இடத்தில் மேளம் நின்றுவிடும். ஆண்கள் எல்லோரும் மண்டியிட்டுத் தலை கவிழ்ந்திருப்பார்கள். பெண்கள் சலங்கை ஒலி மட்டும் கேட்கும்படி ஒரு சுற்று நடந்து, ஒவ்வொருவர் தோளையும் தொட்டு எழுப்புவார்கள். பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி முதல் ஒத்திகையில் தன் அப்பாவின் தோளைத் தொட்டுவிட்டு அடுத்த ஆளுக்கு நகர மறந்து நின்றுவிட்டாள். அவரும் எழ மறந்துவிட்டார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஆட்களைச் சேர்ப்பது

முப்பது பேருக்குக் குறைந்தால் வட்டம் வெறுமையாகத் தெரியும். முதல் முறைக்கு அறுபதுக்கு மேல் வேண்டாம். திருத்துவதற்கு வாத்தியாரின் கண் எட்டாது. எட்டு வயதுக்கு மேல் யாரும் ஆடலாம். முட்டி வலி உள்ள பெரியவர்களை வேண்டாம் என்று அனுப்பிவிடாதீர்கள். அவர்களை உள்வட்டத்தில் நிறுத்தி, குனியாமல் கைகொட்டும் அடியை மட்டும் கொடுங்கள். உள்வட்டத்தில் சுற்றளவும் குறைவு, நடையும் குறைவு.

எங்கே கூடுவது என்பதில் மிகவும் கவனமாக இருங்கள். ஒரு தெருவுக்கு மட்டும் சொந்தமான கோயில் வாசலில் பயிற்சி வைத்தால் மற்றத் தெருக்காரர்கள் வர மாட்டார்கள், வந்தாலும் ஓரத்தில்தான் நிற்பார்கள். பள்ளி மைதானம், ஊர்ப் பொது இடம் என்று எல்லோரும் தயங்காமல் கால் வைக்கும் மண்ணாகத் தேர்ந்தெடுங்கள். சில மேடைகளில் இந்த ஆட்டத்தை ஒரு சாதியின் அடையாளமாக்கிப் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது. குறவர் மகளைத் தேடி முருகன் மலை ஏறி வந்த கதை இது. அதைப் பாடிக்கொண்டே யார் யார் வட்டத்துக்குள் வரலாம் என்று பட்டியல் போடுவது பாட்டுக்கே செய்யும் துரோகம். பறையும் மேளமும் அடிக்க வருகிறவர்களுக்கும் ஆடுகிறவர்களுக்கும் ஒரே பந்தியில் சாப்பாடு என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். இதற்கு ஒப்பாதவர்கள் அன்றே விலகிக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

காலக் கணக்கு

வாரத்தில் நான்கு நாள், இரவு ஏழு முதல் ஒன்பது வரை, மூன்று மாதம். ஏறக்குறைய ஐம்பது நாள் பயிற்சி கிடைக்கும். தைப்பொங்கலுக்கு முன்பே தொடங்கிப் பங்குனி உத்திரத்தில் அரங்கேற்றுவது பொருத்தம். பல முருகன் கோயில்களில் அன்றைக்குத் திருக்கல்யாணமும் நடக்கும். ஆனால் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிக்கிற பிள்ளைகள் குழுவில் இருந்தால் பங்குனி வேண்டாம், பொதுத்தேர்வு வந்து நிற்கும். வைகாசி விசாகத்துக்குத் தள்ளி வையுங்கள். சித்திரை வெயிலில் பகல் முழுக்கக் காய்ந்த மண் இரவு ஏழு மணிக்கும் சுடும் என்பதால் அப்போது பயிற்சியை எட்டு மணிக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

பாட்டும் எண்ணிக்கையும்

கும்மிப் பாட்டின் ஓர் அடியில் ஏழு சீர்கள். ஏழாவது சீர் நீண்டு எட்டாவது எண்ணிக்கையை நிரப்பும். இதைப் புரிந்துகொண்டால் பாதி ஆட்டம் வந்துவிட்டது. எங்கள் குழு தானே கட்டிக்கொண்ட இரண்டு அடிகள் இவை:

வள்ளிக் கிழங்கு பறித்த குழியிலே
வந்து பிறந்தவள் கும்மியடி
புள்ளினம் ஓட்டப் பரணிலே ஏறியே
பூந்தினை காப்பவள் கும்மியடி

வள்ளிக், கிழங்கு, பறித்த, குழியிலே: நான்கு. வந்து, பிறந்தவள், கும்மியடி: ஏழு. அடுத்த எண்ணிக்கையில் புதுச் சொல் வராது, கை மட்டும் கொட்டும். அந்த எட்டாவது கொட்டுதான் அறுபது பேரையும் ஒன்றாகக் கட்டுகிற கயிறு. முதல் பத்து நாளும் உட்கார்ந்தபடியே பாடிக் கொட்டுங்கள். விரல் நுனிகள் மட்டும் படும்படி ஒரு கொட்டு, உள்ளங்கை அழுந்த ஒரு கொட்டு, கையைக் குழித்து ஒரு கொட்டு. மூன்றுக்கும் ஒலி வேறு. எங்கள் பக்கத்து வீட்டு அம்மிச்சிக்கு எண்பது வயது நெருங்குகிறது. கையைக் குழித்து அவர் ஒரு கொட்டுக் கொட்டினால் கிணற்றில் கல் விழுந்தது போல் கேட்கும். பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்து, அவர் கட்டைவிரல் எங்கே மடிகிறது என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒட்ட வைக்க வேண்டும். விலகியிருந்தால் காற்று தப்பி ஒலி தட்டையாகிவிடும்.

வாத்தியார் ஒரு அடியைப் பாட, ஆடுகிறவர்கள் அதை வாங்கிப் பாடுவது வழக்கம். புதிய குழுக்கள் மூச்சு வாங்குகிறது என்று வாயை மூடிக்கொண்டு ஆடும். அதை விடாதீர்கள். பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் ஆட்டம் வேகமாக இருக்கிறது என்று பொருள். மேளத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். வட்டத்தில் மிக மெதுவாக ஆடுகிறவர் பாடிக்கொண்டே ஆட முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

அடவுகள்

பதினோராம் நாள் எழுந்து நில்லுங்கள். நாங்கள் தொடங்கிய அடி இது: வலக்காலை முன்னால் வைத்து, இடக்காலை அதனருகே சேர்த்து, வலக்காலைப் பின்னால் எடுத்து, இடக்காலால் மண்ணைத் தட்டுவது. நான்கு எண்ணிக்கை. அடுத்த நான்கில் இடப்பக்கம் அரைத் திருப்பம், குனிந்து முழங்கால் அருகே ஒரு கொட்டு, நிமிர்ந்து நெற்றிக்கு நேரே ஒரு கொட்டு, வட்டத்தின் போக்கில் ஓர் அடி நகர்வு. இதையே ஒரு வாரம் ஆடுங்கள். சலித்துப்போகும் என்று பயப்பட வேண்டாம். சலிப்பு வருகிற அன்றைக்குத்தான் கால் தானாக நடக்கத் தொடங்கும், காது பாட்டுக்குத் திரும்பும். "அம்மணி, காலைப் பார்க்காதே. அது எங்கும் போய்விடாது" என்பார் எங்கள் வாத்தியார்.

பிறகு வாரத்துக்கு இரண்டு அடவு கூட்டினால் போதும். பன்னிரண்டு அடவு கையில் இருந்தால் பதினோரு காட்சியையும் தாராளமாக ஆடலாம். காட்சியின் குணத்துக்கு ஏற்ப அடவைத் தேர்ந்தெடுங்கள். வேடன் வரும்போது நீண்ட எட்டும் துணி வீச்சும். கிழவன் வரும்போது குறுகிய அடி, வளைந்த முதுகு, கையில் இல்லாத கோலை ஊன்றுவது போன்ற தாழ்ந்த கொட்டு. யானை வரும்போது வட்டம் ஒரேயடியாக உள்ளே சுருங்க வேண்டும். வள்ளி பயந்து கிழவனை அணைத்துக்கொள்கிற அந்தக் கணத்தை அறுபது உடல்களும் சேர்ந்து காட்டுகின்றன. தனியாக ஒரு வள்ளியையும் முருகனையும் நடுவில் நிறுத்தி வேடம் கட்டலாமா என்று கேட்பார்கள். கட்டலாம். எனக்கு அதில் விருப்பமில்லை. நடுவில் இருவரை நிறுத்திவிட்டால் பார்வையாளரின் கண்கள் அவர்கள் மீதே போய்விடும், சுற்றி ஆடுகிற ஐம்பத்தெட்டுப் பேரும் வேலியாகிவிடுவார்கள்.

தினைப்புனக் காட்சியைச் சிறுவர்களிடம் கொடுங்கள். பத்துப் பேர் கிளிகள், பத்துப் பேர் காவல். குறிஞ்சி நிலத்துப் பெண்கள் கிளி ஓட்டப் பயன்படுத்திய கருவிகள் தழல், தட்டை, குளிர் என்று சங்கப் பாட்டிலேயே பெயர் சொல்லப்படுகின்றன. தட்டையை வீட்டிலேயே செய்துவிடலாம். ஒரு முழ நீள மூங்கிலை எடுத்து, கைப்பிடிக்கு ஒரு சாண் விட்டு மீதியை நான்காகப் பிளந்து, முனைகளைத் தேய்த்து வழுவழுப்பாக்குங்கள். தரையிலோ கையிலோ தட்டினால் சடசடவென்று ஓசை எழும். பிளக்கிற வேலையைப் பெரியவர் ஒருவர் செய்யட்டும். மூங்கில் சிம்பு ஏறினால் எடுப்பது கடினம். "ஆலோலம்" என்று பிள்ளைகள் கூவிக்கொண்டு தட்டையோடு வட்டத்துக்குள் ஓடி வரும்போது மேளம் தேவையே இல்லை.

களமும் ஒலியும்

ஒரு ஆளுக்கு ஒன்றேகால் மீட்டர் இடம் வேண்டும். வெளிவட்டத்தில் நாற்பது பேர் என்றால் சுற்றளவு ஐம்பது மீட்டர், ஆரம் எட்டு மீட்டர். நடுவில் ஒரு முளையடித்து, எட்டு மீட்டர்க் கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சுண்ணாம்புப் பொடியைத் தூவிக்கொண்டே சுற்றி வந்தால் வட்டம் தயார். உள்வட்டத்தில் இருபது பேர் என்றால் நான்கு மீட்டர்க் கயிறு. மண் தரைதான் சிறந்தது. சிமெண்டிலும் தாரிலும் மூன்று மாதம் வெறுங்காலோடு குதித்தால் குதிகாலும் முட்டியும் கெட்டுவிடும். மாலையில் கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, ஒரு மணி நேரம் ஆற விடுங்கள். அதிகம் தெளித்தால் வழுக்கும்.

ஒலிபெருக்கி விஷயத்தில் நாங்கள் முதல் ஆண்டு நன்றாக அடி வாங்கினோம். வாடகைக்கு ஒலிபெருக்கி கொண்டுவந்தவர் பெட்டிகளை மைதானத்தின் நான்கு மூலைகளில், வட்டத்திலிருந்து வெகு தூரத்தில் வைத்துவிட்டார். அரங்கேற்றம் தொடங்கி ஐந்தாவது நிமிடத்தில் வட்டத்தின் ஒரு பாதி கொட்டி முடித்த பிறகு மறு பாதி கொட்டியது. மூன்று மாத உழைப்பு கண் முன்னே கலைந்தது. ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். பெட்டி 34 மீட்டர் தள்ளி இருந்தால் பாட்டு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாக வந்து சேரும். கும்மிக் கொட்டுக்கு அது அதிகம். ஆகவே பாடுகிறவரும் மேளக்காரர்களும் வட்டத்தின் நடுவில் இருக்கட்டும். ஆடுகிறவர்களுக்கான பெட்டிகளைப் பாடுகிறவர் காலடியில் வெளிநோக்கித் திருப்பி வையுங்கள். கூட்டத்துக்கான பெட்டிகள் வேறு, அவற்றின் சத்தம் குறைவாகவே இருக்கட்டும்.

காவல் நிலையத்தில் ஒலிபெருக்கிக்கு முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை என்பதால் ஏழு மணிக்கு முதல் பாட்டு தொடங்கினால்தான் மங்களம் நிம்மதியாக முடியும். மைதான அனுமதி, தற்காலிக மின் இணைப்பு இரண்டையும் இரண்டு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

உடையும் சலங்கையும்

ஒரே நிறச் சேலை அழகாகத்தான் இருக்கும். ஆனால் புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அந்தச் செலவுக்காகவே சிலர் பேசாமல் நின்றுவிடுவார்கள். மஞ்சளோ சிவப்போ, வீட்டில் இருக்கிற பருத்திச் சேலை போதும் என்று சொல்லுங்கள். ஆண்களுக்கு வெள்ளை வேட்டி, இடுப்பில் ஒரு துண்டு. சேலையைக் கணுக்காலுக்கு நான்கு விரற்கடை மேலே கட்டினால்தான் சலங்கையில் சிக்காது. சலங்கைக்கு அடியில் பழைய பருத்தித் துணியை இரண்டு சுற்று சுற்றுங்கள். வெறும் காலில் கட்டினால் கணுக்கால் எலும்பு புண்ணாகிவிடும். நாற்பதாம் நாளுக்கு முன் சலங்கை வேண்டாம். அது தவறையும் சேர்த்து ஒலிக்கும், பிள்ளைகள் மனம் விட்டுவிடுவார்கள்.

அரங்கேற்றத்தன்று

மதியம் மூன்று மணிக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம். மாலையில் சுண்டலும் கம்மங்கூழும் கொடுங்கள். நான்காவது காட்சி முடிந்ததும் மேளக்காரர்கள் இரண்டு நிமிடம் தனியாக அடிக்கட்டும், அதற்குள் எல்லோரும் தண்ணீர் குடித்துவிடலாம். ஆட்டத்தின் நடுவே யாருக்காவது சலங்கை அவிழ்ந்தால் குனிந்து கட்டக் கூடாது, பின்னால் வருபவர் மோதிவிடுவார். இரண்டடி வெளியே வந்து கட்டிக்கொண்டு அடுத்த அடிக்கு உள்ளே சேர வேண்டும். இதையும் ஒத்திகையில் ஒரு முறை பழகிப் பாருங்கள்.

பேச்சாளர்களை நடுவில் ஏற்றி மாலை மரியாதை செய்யச் சொல்லி அழுத்தம் வரும். எல்லாம் மங்களத்துக்குப் பிறகு என்று உறுதியாக நில்லுங்கள். சூடான உடம்பு பதினைந்து நிமிடம் நின்றால் இறுகிவிடும், கதையும் அறுந்துவிடும்.

மங்களம் பாடியதும் தேனும் வெல்லமும் நெய்யும் கலந்த தினைமாவை வந்தவர்கள் எல்லோருக்கும் கொடுங்கள். தினையை முந்தைய நாளே மிதமாக வறுத்து அரைத்து வைத்தால் வாசனை தூக்கும். வாத்தியாருக்குத் தட்சணையையும் மேளக்காரர்களுக்குப் பேசிய தொகையையும் அவர்கள் வண்டி ஏறுவதற்கு முன்பே கையில் கொடுத்துவிடுங்கள். நாளைக்கு வாருங்கள் என்று சொல்லக் கூடாது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்குத் தமிழ்நாட்டில் நல வாரியம் இருக்கிறது. உங்கள் மேளக்காரர்கள் அதில் பதிவு செய்யவில்லை என்றால், குழுவில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் அவர்களோடு போய் அந்த வேலையை முடித்துக் கொடுக்கலாம்.

சலங்கைகளை எண்ணி, ஈரம் போக உலர்ந்த துணியால் துடைத்துப் பெட்டியில் வையுங்கள். ஒன்று இரண்டு குறையும், விடியற்காலையில் மைதானத்தில் கிடைக்கும். கூடவே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஊரில் உள்ள பெரியவர்கள் வீட்டுக்குப் போங்கள். ஆட்டத்தைப் பார்த்த இரவில் அவர்களுக்குப் பழைய அடிகள் நினைவுக்கு வந்திருக்கும். எங்கள் அம்மிச்சி மறுநாள் காலை, கிழவன் தண்ணீர் கேட்கும் இடத்துக்கு நாங்கள் அறியாத மூன்று அடிகளைப் பாடினார். அவருடைய தாய் பாடியதாம். எழுதிக்கொள்ளுங்கள், யார் சொன்னது என்று பெயரையும் பக்கத்திலேயே குறியுங்கள். அடுத்த ஆண்டுப் பயிற்சியின் முதல் நாளில் அந்த நோட்டை விரித்துப் பாடத் தொடங்குங்கள்.